விலகலா, பிறழ்வா, மீறலா: தரநிலை தப்பியதைச் சொல்ல எந்தச் சொல்?

உரிய அளவிலிருந்தோ விதியிலிருந்தோ மரபிலிருந்தோ ஒன்று மாறிப்போயிருப்பதை எழுத்தில் பதிய வேண்டிய இடத்தில், தமிழில் எழுதுபவருக்குச் சொற்பஞ்சம் கிடையாது. விலகல், பிறழ்வு, மீறல், திரிபு, வழு, பிழை, தவறு, முரண், மாறுபாடு, பிசகு, முறைகேடு என்று ஏறக்குறைய ஒரு டஜன் சொற்கள் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றே பொருளாகத் தரப்பட்டிருக்கும். அந்தச் சமத்துவத்தை நம்பி, காதுக்கு இனிமையாகப் பட்டதை எடுத்துப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவதால் கதைக்கோ கவிதைக்கோ பெரிய சேதம் வந்துவிடாது. கட்டட ஆய்வுக் குறிப்பு, ஆய்வகச் சான்று, துறை விசாரணை அறிக்கை, நீதிமன்றச் செய்தி, பாடநூல் மொழிபெயர்ப்பு போன்றவற்றில் நிலைமை வேறு. ‘அளவு விலகியுள்ளது’ என்று எழுதினால் ஓர் அளவீடு பதிவாகிறது. ‘விதியை மீறியுள்ளார்’ என்று எழுதினாலோ விசாரணை தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. எந்த ஆவணத்தில் எந்தச் சொல்லை எடுப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்காக, முதன்மையான ஐந்து சொற்களையும் போகிற போக்கில் வேறு சிலவற்றையும் இங்கே எடைபோட்டுப் பார்க்கலாம்.

இவற்றின் வேறுபாட்டை அறிய அகராதியைவிட நம்பகமான வழி, ஒவ்வொரு சொல்லும் எந்த வேற்றுமை உருபை வேண்டி நிற்கிறது என்று கவனிப்பது. ‘வரைபடத்திலிருந்து விலகியது’ என்னும்போது தரநிலை ஓர் இடமாகக் கருதப்படுகிறது. அதிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்க முடியும். ‘விதியை மீறினார்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை வந்து, தரநிலையைத் தாண்டக் கூடாத எல்லையாக்கிவிடுகிறது; தாண்டியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். ‘விதிக்கு முரணானது’ என்பதில் இரண்டு பொருள்கள் எதிரெதிரே நிற்கின்றன. யார் நிறுத்தினார் என்ற கேள்வி எழுவதில்லை. ‘நெறி பிறழ்ந்தான்’ என்பதில் உருபு வெளிப்படையாக வருவதே இல்லை. நெறியும் ஆளும் ஒட்டிக்கொண்டிருந்த நிலை குலைந்துவிட்டது என்ற குறிப்பு அதில் இருக்கிறது. ‘பால் திரிந்தது’ என்பதற்கு, எதிலிருந்து திரிந்தது என்று சொல்லவே தேவையில்லை; பாலின் முந்தைய நிலைதான் அங்கே தரநிலை. ஆக, ஒரு சொல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு முன், நம் கையிலுள்ள தரநிலை அளந்து குறிக்கப்பட்ட இடமா, ஒருவர் இட்ட எல்லையா, பொருளுக்குள்ளேயே இருக்கும் ஒழுங்கா என்று கேட்டுக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும். மீதிப் பாதி, செய்தவர் அறிந்து செய்தாரா என்பது.

இந்தக் கூட்டத்தில் பழி ஒட்டாத சொல் விலகல்தான். புள்ளியியல் அதைத் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும். மூன்று மாணவர்கள் 40, 50, 60 மதிப்பெண் வாங்கியிருந்தால் சராசரி 50; விலகல்கள் முறையே −10, 0, +10. சராசரியைவிட அதிகம் வாங்கியவரும் விலகியிருக்கிறார், குறைவாக வாங்கியவரும் விலகியிருக்கிறார். எல்லா விலகல்களையும் கூட்டினால் எப்போதும் சுழிதான் வரும். அதனால்தான் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, வர்க்கமூலம் காண்கிறோம். இந்த எடுத்துக்காட்டில் அது ஏறத்தாழ 8.16. இந்த 10ஐயும் −10ஐயும் ‘பிறழ்வு’ என்றோ ‘வழு’ என்றோ சொல்லிப் பாருங்கள்: 60 வாங்கிய மாணவர் செய்த குற்றம் என்ன என்று கேட்கத் தோன்றும். கூட்டலும் கழித்தலும் ஏற்கிற ஒரே சொல் என்ற தகுதி விலகலுக்கு மட்டுமே உண்டு.

அந்த 8.16க்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ‘திட்ட விலக்கம்’ என்றும், இலங்கைப் பாடநூல்களில் ‘நியம விலகல்’ என்றும் பெயர். விலக்கம் என்பது தவறான ஆக்கம் என்று சிலர் குறைபட்டுக்கொள்வதுண்டு. அது சரியல்ல, ஒழுகு என்பதிலிருந்து ஒழுக்கமும், பழகு என்பதிலிருந்து பழக்கமும், பெருகு என்பதிலிருந்து பெருக்கமும் வந்ததுபோலவே விலகு என்பதிலிருந்து விலக்கம் முறைப்படி வருகிறது. சிக்கல் இலக்கணத்தில் இல்லை, அண்டை வீட்டில் இருக்கிறது. விலக்கு என்ற பிறவினையும் அதே ஒலியோடு வந்து நிற்பதால், ஊர்விலக்கம், மதுவிலக்கு, வரிவிலக்கு, விதிவிலக்கு என்ற குடும்பம் முழுவதும் கூடவே நினைவுக்கு வந்துவிடுகிறது. ஒருவரை ஊரார் தள்ளிவைப்பதும் ஓர் எண் சராசரியிலிருந்து தள்ளி நிற்பதும் ஒரே சொல்லில் வருவது வகுப்பறையில் பொருட்டில்லை, ஏனெனில் ‘திட்ட’ என்ற அடை காப்பாற்றிவிடும். பொது எழுத்தில் அந்தக் காவல் இல்லை. ‘இந்த நடைமுறையில் விலக்கம் உள்ளது’ என்று ஓர் அறிக்கை சொன்னால், நடைமுறை தடம் மாறியதா, நடைமுறையிலிருந்து யாருக்காவது சலுகை தரப்பட்டதா என்று தெரியாது. ஆகவே கணக்குப் பாடத்துக்கு வெளியே இலங்கை வழக்கான ‘விலகல்’ என்ற வடிவையே எடுப்பது நல்லது. இயற்பியலில் மட்டும் ஒரு சிறு எச்சரிக்கை தேவைப்படும்: தமிழ்நாட்டில் ‘ஒளிவிலகல்’ என்பது ஊடகம் மாறும்போது ஒளி வளைவதற்கு நிலைத்துவிட்ட கலைச்சொல், இலங்கையில் அதையே ‘ஒளிமுறிவு’ என்பார்கள். ஒளியைப் பற்றி எழுதும்போது வேறெதற்கும் விலகலைப் பயன்படுத்தாமல் இருப்பதே குழப்பம் தவிர்க்கும் வழி.

எல்லை ஒன்றுக்கு மேற்பட்டு இருக்கும் இடங்களில் விலகலின் அருமை இன்னும் தெளிவாகத் தெரியும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500, கரைந்துள்ள மொத்தத் திடப்பொருள்களுக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க அளவை வைத்துவிட்டு, வேறு நீராதாரம் இல்லாதபோது 2,000 மில்லிகிராம் வரை அனுமதிக்கலாம் என்று இரண்டாவது கோட்டையும் போடுகிறது. ஓர் ஊரின் ஆழ்துளைக் கிணற்று நீரில் 900 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ‘தர மீறல்’ என்று ஆய்வகம் எழுதினால், வேறு ஆதாரம் இல்லாத ஊருக்கு அது பொய். ‘தரத்துக்கு உட்பட்டது’ என்று எழுதினால், பக்கத்தில் ஆற்றுநீர் கிடைக்கும் ஊருக்கு அது பொய். ‘ஏற்கத்தக்க அளவிலிருந்து 400 மில்லிகிராம் மிகுதி’ என்று எழுதினால் இரண்டு ஊருக்கும் உண்மை. அதே தரநிலையில் அமில-காரத் தன்மைக்கு 6.5 முதல் 8.5 வரை என்று ஒரே வரம்புதான் உண்டு, தளர்வு கிடையாது. அங்கேகூட ஆய்வகத்தின் வேலை வரம்புக்கு வெளியே எவ்வளவு என்று சொல்வதோடு முடிகிறது. குழாயில் யார் என்ன கலந்தார் என்பது ஆய்வகத்துக்குத் தெரியாத சங்கதி. தெரியாததைச் சொல்லும் சொல்லை அது கையாளக் கூடாது. உணவுப் பொருளிலும் இதே கவனம் வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் தரம் குறைந்த உணவையும் பாதுகாப்பற்ற உணவையும் தனித்தனியே வரையறுக்கிறது; முன்னதற்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், பின்னதற்குச் சிறைத் தண்டனையும் உண்டு. இரண்டையும் ‘கலப்படம்’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடுகிற செய்தி, கடைக்காரருக்கும் அநீதி, வாங்குபவருக்கும் அநீதி.

பிறழ்வு என்பது அழகான சொல். அதனாலேயே அளவுக்கு மிஞ்சிப் புழங்குகிறது. பழைய பாட்டுகளில் கயல் பிறழும், கெண்டை பிறழும்: நீருக்குள் நேராகப் போய்க்கொண்டிருந்த மீன் சட்டென்று உடலைப் புரட்ட, வெள்ளை வயிறு ஒருகணம் மின்னி மறையும். இடம் மாறுதல், தலைகீழாதல், மின்னுதல் மூன்றும் சேர்ந்த அந்தப் பொருளில் பழி எதுவும் இல்லை. இன்றைய வழக்கில் மீன் போய்விட்டது. நெறிபிறழ்தல், மனப்பிறழ்வு, பிறழ்சாட்சி என்று ஒழுங்கு குலைந்த நிலையைச் சொல்வதே அதன் தொழிலாகிவிட்டது. இவற்றில் பிறழ்சாட்சி மட்டும் தனியாகப் பேசப்பட வேண்டியது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, ஒரு தரப்பு தான் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்வதுபோலக் கேள்வி கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்று மட்டும் சொன்னது; அத்தகைய சாட்சிக்கு அது பட்டம் எதுவும் சூட்டவில்லை. ‘பிறழ்சாட்சி’ என்பது நம் நீதிமன்றச் செய்திகள் கொடுத்த பட்டம். காவல்துறையிடம் சொன்னதை ஒருவர் கூண்டில் மறுக்கிறார் என்றால், முதலில் சொன்னது பொய்யாகவும் இப்போது சொல்வது உண்மையாகவும் இருக்கக் கூடும். ‘பிறழ்ந்தார்’ என்ற சொல் அந்த வாய்ப்பை அடைத்துவிடுகிறது. சொல் ஊன்றிவிட்டதால் அதைப் பிடுங்குவது கடினம். ஆயினும் தீர்ப்பு வராத வழக்கைப் பற்றிய செய்தியில் ‘முந்தைய வாக்குமூலத்துக்கு மாறாகச் சாட்சியம் அளித்தார்’ என்று எழுத நான்கு சொல்தான் கூடுதலாகும்.

மரபணுவியலிலும் இதே தகராறு இருக்கிறது. உயிரணுவின் மரபுக் குறிப்பில் திடீரென ஏற்படும் மாற்றத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் சடுதிமாற்றம் என்கின்றன; இலங்கையில் விகாரம்; செய்தித்தாள்களில் பெரும்பாலும் மரபணுப் பிறழ்வு. விகாரம் என்பது புணர்ச்சி இலக்கணத்தில் தோன்றல், திரிதல், கெடுதல் மூன்றையும் அடக்கிய நடுநிலைச் சொல்லே என்றாலும், தமிழ்நாட்டு வாசகருக்கு அது முகம் சுளிக்கவைக்கும் தோற்றத்தையே நினைவூட்டும். பிறழ்வு என்றால் நோய் என்று பொருள்படுகிறது. ஆனால் இந்த மாற்றங்களில் பல எந்தத் தீங்கும் செய்யாதவை, சில நன்மை செய்பவை. ஆகவே சடுதிமாற்றமே தகும் என்பது என் முடிவு. அதே பாடத்தில் ‘குரோமோசோம் பிறழ்ச்சி’ என்ற தொடரை எதிர்க்கக் காரணம் எதுவும் இல்லை. இரட்டையாக இருக்க வேண்டியது மூன்றாகிவிட்டது என்றால் ஒழுங்கு உண்மையிலேயே குலைந்திருக்கிறது.

மனிதர்களைப் பற்றி எழுதும்போது பிறழ்வு என்ற சொல்லைத் தொடுவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். ஒருபால் ஈர்ப்பைப் ‘பாலியல் பிறழ்வு’ என்று எழுதுவது அண்மைக்காலம் வரை சாதாரணமாக இருந்தது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில், வயது வந்தோர் மனமொத்து நடத்தும் ஒருபால் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. பின்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலைத் தொடர்ந்து, இந்தச் சமூகத்தினரைக் குறிக்கும் கண்ணியமான தமிழ்ச் சொற்களின் பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. கவனிக்க வேண்டியது இதுதான்: மனிதர்கள் மாறவில்லை, எதைத் தரநிலையாக வைத்து அவர்களை அளந்தார்களோ அந்தத் தரநிலைதான் செல்லாது என்று ஆனது. விலகல் என்று எழுதியிருந்தால் பெரும்பான்மை வழக்கத்திலிருந்து வேறு என்பதோடு போயிருக்கும். பிறழ்வு என்று எழுதியதால், அந்தப் பெரும்பான்மை வழக்கமே இயற்கையின் ஒழுங்கு என்று எழுதியவர் ஒப்பமிட்டதாகிவிட்டது. சமூகவியலில் ‘பிறழ் நடத்தை’ என்ற கலைச்சொல்லைக் கையாள்வோரும் இதை மனத்தில் கொண்டு, எந்தக் குழுவின் நெறியிலிருந்து என்று உடனே சேர்த்துச் சொல்லிவிடுவது நல்லது.

மீறலைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. அதன் நிபந்தனைகள் தெளிவானவை. விதி ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும், அது சம்பந்தப்பட்டவரைக் கட்டுப்படுத்த வேண்டும், செய்தவர் அடையாளம் காணப்பட வேண்டும். மூன்றும் கூடினால் மீறலைத் தவிர வேறு சொல்லைத் தேடுவதே மழுப்பலாகும். தேர்தல் நடத்தை விதிமீறல், மனித உரிமை மீறல் என்ற தொடர்களின் வலிமை அங்கிருந்து வருகிறது. மனித உரிமை ‘விலகல்’ என்று ஒருவர் எழுதினால் அவர் யாரையோ காப்பாற்றப் பார்க்கிறார் என்று கொள்ளலாம். முறைகேடு இதைவிட ஒருபடி மேலே போய், பணமும் உள்நோக்கமும் கலந்த வாடையை உடன் கொண்டுவரும். ‘ஒப்பந்தப்புள்ளியில் முறைகேடு’ என்ற தலைப்பைப் படித்தவர் யாரும், தேதி ஒன்று தவறுதலாக அச்சாகிவிட்டது என்று நினைக்கப் போவதில்லை. தணிக்கையாளர் சுட்டிய நடைமுறைக் குறை எல்லாவற்றையும் முறைகேடு என்று எழுதும் பழக்கம் நம் செய்தி அறைகளில் வேரூன்றியிருக்கிறது; அதற்கு ‘நடைமுறைக் குறைபாடு’ என்ற மங்கலான, நேர்மையான தொடர் போதும்.

திரிபு இந்தப் பட்டியலில் சற்று விசித்திரமானது, ஏனெனில் ஓர் எழுத்து மாறினால் பழி வந்து சேரும். திரிந்தது என்றால் தானாக மாறியது; திரித்தது என்றால் ஒருவர் மாற்றியது. ‘நிலத்தியல்பால் நீர்திரிந்து அற்றாகும்’ என்ற குறளில் மழைநீர் சேர்ந்த மண்ணின் தன்மையை ஏற்கிறது, மண்ணையோ நீரையோ யாரும் குறை சொல்லவில்லை. பல்லும் பொடியும் சேர்ந்து பற்பொடி ஆவதும் திரிதல்தான். அங்கே லகரம் றகரமாவது விதியை விட்டு விலகியதால் அல்ல, விதியே அப்படி இருப்பதால். ஆனால் ‘என் பேச்சைத் திரித்து வெளியிட்டுவிட்டார்கள்’ என்று அரசியல்வாதி சொல்லும்போது அது நேரடிக் குற்றச்சாட்டு. பொதுவுடைமை இயக்கத்தார் மூலக் கொள்கையிலிருந்து நழுவியவர்களைத் திரிபுவாதிகள் என்று அழைத்ததிலும், 1964இல் இந்தியப் பொதுவுடைமைக் கட்சி பிளந்த காலத்து வாதங்களில் அந்தச் சொல் சூடாகப் புழங்கியதிலும் வேலை செய்தது இந்தப் பிறவினைப் பொருள்தான். பெயர்ச்சொல்லாகத் ‘திரிபு’ என்று எழுதும்போது தன்வினையா பிறவினையா என்று தெரியாமல் போவதால், ஆவணத்தில் அதைத் தனியே நிற்க விடாமல் ‘திரிந்துள்ளது’, ‘திரிக்கப்பட்டுள்ளது’ என்று வினையாக்கி எழுதுவது பாதுகாப்பு. மூலப்பொருள் காலப்போக்கில் வடிவோ தன்மையோ மாறியதைச் சொல்ல, அதாவது ஏட்டுப்பிரதியில் பாடம் மாறியதையோ ஊர்ப்பெயர் உருமாறியதையோ சொல்ல, இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை.

வழு இலக்கணத்தின் சொந்தச் சொத்து. ‘திணையே பாலிடம் பொழுது வினாவிறை மரபாம் ஏழும் மயங்கினாம் வழுவே’ என்று நன்னூல் ஏழு வகை வழுவைச் சொல்கிறது. தமிழிலக்கணம் இந்த விஷயத்தில் காட்டும் நுட்பத்தை இன்றைய தரக்கட்டுப்பாட்டுத் துறைகள் பார்த்துப் பொறாமைப்படலாம். தரநிலைக்கு இசைந்தது வழாநிலை, தப்பியது வழு என்று இரண்டோடு நிற்காமல், தப்பியிருந்தும் தக்க காரணத்தால் ஏற்கப்படுவது வழுவமைதி என்று மூன்றாவது அறை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறது. வளர்த்த பசுவைக் கண்டு ‘என் அம்மை வந்தாள்’ என்பது திணை வழு. உவப்பினால் வந்ததாகையால் அமைதி. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர், வாசலில் அழைப்பவரிடம் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பது கால வழு. விரைவு பற்றி வந்ததாகையால் அமைதி. கருநாடக இசையில் பாஷாங்க ராகம் என்ற ஏற்பாடும் இப்படிப்பட்டதே: காம்போதியின் தாய் ராகத்தில் இல்லாத காகலி நிஷாதம் குறிப்பிட்ட பிடியில் வரலாம், வந்தால்தான் காம்போதி களைகட்டும், அதே சுவரம் வேறிடத்தில் விழுந்தால் அபசுவரம். நம் அலுவலக நடையில் இந்த மூன்றாம் அறைக்கு இணையாக இருப்பது ‘விதிவிலக்கு’. அனுமதி பெற்ற விலகலை விதிவிலக்கு என்றும், பெறாததை விலகல் என்றும் கண்டிப்பாகப் பிரித்து எழுதினால், கோப்புகளில் பாதிக் குழப்பம் தீரும்.

வழு இன்று இலக்கணத்துக்கு வெளியேயும் இரண்டு இடங்களில் நன்றாக ஊன்றியிருக்கிறது. கணினி நிரலில் உள்ள குறையை வழு என்றும், அதைக் களைவதை வழுநீக்கம் என்றும் தமிழ்க் கணிமையாளர்கள் எழுதுகிறார்கள். நிரல் மொழியும் இலக்கணம் உள்ள மொழி என்பதால் அது பொருந்துகிறது. இலங்கையின் அறிவியல் பாடங்களில் அளவீட்டுப் பிழைக்கும் வழு என்றே பெயர்: வெர்னியர் அளவுகோலின் தாடைகளை ஒன்றுசேர்க்கும்போது இரு சுழிகளும் நேருக்கு நேர் வராவிட்டால் தமிழ்நாட்டு மாணவருக்கு அது சுழிப்பிழை, யாழ்ப்பாணத்து மாணவருக்குப் பூச்சிய வழு. அந்தந்த நாட்டு வாசகருக்கு அந்தந்தச் சொல்லே சரி. இரு பக்கத்தாரும் படிக்கும் நூலில், கருவியின் குறைக்குப் பிழை என்றும் மொழி, நிரல் ஆகியவற்றின் குறைக்கு வழு என்றும் வைத்துக்கொண்டால் யாருக்கும் இடறாது.

மற்றவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். தவறு என்பது முதலில் குறி தவறுதல், கால் தவறுதல் என்று இலக்கைத் தொடாமையைச் சொன்னது. இப்போது எதற்கும் பொருந்துவதால் ஆவணத்தில் எதற்கும் உதவாது. பிசகு பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் உரியது. தூக்குக்குண்டை விட்டுப் பார்த்த கொத்தனார் ‘மேலே அரை இஞ்சு உள்வாங்கியிருக்கு’ என்பார், மூலைமட்டம் பிடித்த தச்சர் ‘மட்டம் பிசகுது’ என்பார். பேச்சில் இவற்றைவிடத் துல்லியமானவை இல்லை, கோப்பில் எழுதினால் மட்டும் ஏனோ மேலதிகாரிகள் திருத்திவிடுகிறார்கள். தாளம் தப்பும், சுருதி விலகும், வெண்பாவில் தளை தட்டும். இந்த இணைகளை மாற்றிப் போட முடியாது. கோட்டம், கோடாமை ஆகியவை குறளில் நடுவுநிலை தவறுவதையும் தவறாமையையும் சொல்ல வந்த அருமையான சொற்கள். இன்று கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டமோ வருவாய்க் கோட்டமோதான் நினைவுக்கு வரும் என்பதால் அதை மீட்டெடுக்கும் முயற்சி வீண்.

உண்மையில் பல இடங்களில் பெயர்ச்சொல் எதுவுமே வேண்டியதில்லை. மாறாக, முரணாக, புறம்பாக என்ற மூன்று வினையடைகள் போதும். ‘வரைபடத்துக்கு மாறாக’ என்பது வேற்றுமையை மட்டும் சொல்கிறது. ‘விதிகளுக்கு முரணாக’ என்பது இரண்டும் ஒன்றாக நிற்க முடியாது என்று சொல்கிறது. ‘சட்டத்துக்குப் புறம்பாக’ என்பது வேலிக்கு வெளியே போய்விட்டது என்று சொல்கிறது. இந்த ஏறுவரிசையை அறிந்து கையாண்டால், ஒரே கோப்பு வளர வளர அதன் சொல்லும் சான்றுக்கு ஏற்பக் கனம் பெறும்.

ஒரு கட்டடக் கோப்பை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். அனுமதித்த வரைபடத்தில் பக்க இடைவெளி 1.5 மீட்டர், களத்தில் அளந்தால் 1.1 மீட்டர். களக்குறிப்பில் ‘விலகல் 0.4 மீ. (குறைவு)’ என்பதற்கு மேல் ஒரு சொல்லும் கூடாது, ஏனெனில் சுவர் உள்ளே வந்ததா, பக்கத்து மனைக்காரரின் எல்லைச் சுவர் இந்தப் பக்கம் நகர்ந்ததா என்று நாடாப் பட்டைக்குத் தெரியாது. உரிமையாளருக்குப் போகும் அறிவிப்பில் ‘அனுமதிக்கப்பட்ட வரைபடத்துக்கு மாறாக இடைவெளி குறைந்துள்ளது, விளக்கம் தருக’ என்று எழுதலாம். அவர் விளக்கம் தந்து, எல்லைக்கல் அளக்கப்பட்டு, சுவரை அவர் அறிந்தே நகர்த்திக் கட்டினார் என்று உறுதியான பிறகு பிறப்பிக்கும் ஆணையில் ‘மீறல்’ என்ற சொல் வரட்டும். அங்கே அது வராமல் போனால்தான் குறை. 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டத்தில் பின்னாளில் 113-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 2007 ஜூலை 1 வரை எழுந்த கட்டடங்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்த வழி செய்யப்பட்டது. அத்தகைய ஆணை ஒன்று கைக்கு வந்துவிட்ட கட்டடத்தைப் பற்றி அதன் பிறகு எழுதும் எந்தக் குறிப்பிலும் மீறல் என்ற சொல்லுக்கு இடமில்லை. ‘விலகல் 0.4 மீ., வரன்முறைப்படுத்தப்பட்டது’ என்றே எழுத வேண்டும். சுவர் அதே இடத்தில்தான் நிற்கிறது.